ஐம்பத்தாறு டிகிரி

செல்லப்பாண்டிக்கு உலகத்தில் பயம் ஒன்றே ஒன்றுதான். அது சூடு. பாம்பு, பேய், போலீஸ், மேனேஜர் என்று எதற்கும் அசையாத மனுஷன், டீக்கடையில் பாய்லர் பக்கம் உட்காரச் சொன்னால் கிளாஸைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவார். நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்கு அவர்தான் ஃபோர்மேன். விடியக் காலையில் கலவையை ஆரம்பித்து, வெயில் ஏறுமுன் நிறுத்திவிடுவது முப்பது வருஷப் பழக்கம். கலவைத் தட்டின் அடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "இன்னைக்கு இம்புட்டுப் போதும்" என்று சொல்லிவிட்டால், முதலாளியே வந்து நின்று ஆர்டர் அவசரம் என்றாலும் அதற்குமேல் ஒரு கை மருந்து கலக்க மாட்டார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். அவர் கண்ட சூடு கொஞ்சநஞ்சமல்ல. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதப் பகலில், அவர் மனைவி ராமுத்தாய் வேலை பார்த்த ஷெட் எரிந்தது. உள்ளே ஓடப் போனவரை நாலு பேர் பிடித்து இழுத்ததில் இடது கை மட்டும் முழங்கை வரை வெந்தது. ராமுத்தாய் வரவில்லை. மகள் கற்பகத்துக்கு அப்போது பத்து வயது.

அந்தக் கற்பகம் இன்று அதே கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். கம்ப்யூட்டர் படிப்பு படித்த பிள்ளைதான். இரண்டு வருஷம் வேலை தேடி அலுத்துவிட்டு, ஒரு நாள் அப்பாவிடம் கேட்காமலே கம்பெனி வேனில் வந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். அன்று முதல் செல்லப்பாண்டிக்குச் சோறு இறங்குவதில்லை. கலவை அறையில் நிற்கும்போதெல்லாம் காது மட்டும் லேபிள் ஷெட் பக்கமே கிடக்கும். அவள் எப்படியாவது அந்தக் கேட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும். சாமியிடம் அவர் கேட்டது இதை மட்டும்தான்.

வழி பிறந்தது, யாரும் நினைக்காத திசையிலிருந்து. இரண்டு தீபாவளி போனஸைச் சேர்த்து வைத்து அவள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள். வேலை விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அஞ்சு பேருக்கு அஞ்சு பேர் துப்பாக்கிச் சண்டை போடுகிற விளையாட்டில் உட்கார்ந்துவிடுவாள். கல்யாண வயசுப் பெண்ணுக்கு இது என்ன சீக்கு என்று தெருவே பேசியது. அதே சீக்கைப் பார்த்துத்தான் சென்னையில் பெண்களுக்கென்றே டீம் நடத்தும் ஒரு நிறுவனம் அவளைச் செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டது. மே மாதம், வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டிலிருந்தே ஆட வேண்டும். இடம் ஒன்றுதான் காலி. கிடைத்தால் சென்னையில் தங்க இடம், சாப்பாடு, மாதச் சம்பளம் எல்லாம் உண்டு.

"பட்டாசு சுத்தாத சம்பளமா?" என்று கேட்டார் செல்லப்பாண்டி.

"பட்டாசு வாசமே இல்லாத சம்பளம்ப்பா."

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

இனி நான் சொல்லப்போவது அந்த மனுஷன் செய்த காரியம். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கையில் உள்ள தழும்பைப் பார்த்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

பங்குனி மாதம் ஒரு நாள், விளையாடிக்கொண்டிருந்த மகளுக்குக் காப்பி கொண்டு வந்தவர், திரையின் மூலையில் பச்சையாக ஓர் எண் மின்னுவதைப் பார்த்தார். எண்பத்தாறு.

"இது என்னது தாயி?"

"பிராசஸர் சூடுப்பா. எண்பத்தாறு டிகிரி. நம்ம ஊரு வெயிலுக்கு இது சாதாரணம்."

எண்பத்தாறு டிகிரியில் ஒரு பொருள் வீட்டுக்குள் இருக்கிறது, அதற்கு இரண்டடி தள்ளித் தன் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அதைச் சாதாரணம் என்கிறாள்! அன்று முதல் அவர் தூக்கம் போனது. பெட்டிக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். அனல் அடிக்கும். சொன்னால் சிரிப்பாள்.

விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு, விளையாட்டில் பழக்கமான ஹர்ஷினி என்ற பெண்ணின் வீட்டுக்குச் சூலக்கரைக்குப் போனாள் கற்பகம். அன்று செல்லப்பாண்டி, கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்க்க வரும் ஜெயச்சந்திரனைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"எப்பிடியாச்சும் இதோட சூட்டைக் குறைச்சு விடுங்க தம்பி. பிள்ளை ஏதோ படிக்குது, டைப் அடிக்குது. அதுக்குப் போயி இம்புட்டுச் சூடா?"

விளையாட்டு என்று சொல்ல வெட்கம். அதனால் படிப்பு என்றார். ஜெயச்சந்திரன் அதை நம்பிக் கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போய், பிராசஸர் தேவைப்படும்போது எம்பி வேகமெடுக்கும் டர்போ வசதியை அணைத்தான். "டைப் அடிக்க, படம் பாக்க ஒரு வித்தியாசமும் தெரியாதுண்ணே" என்றான். அது பொய்யும் இல்லை.

"அவ திரும்ப ஏத்திட்டா?"

"பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிரலாம். மறக்காத நம்பரா ஒண்ணு சொல்லுங்க."

செல்லப்பாண்டிக்கு மறக்காத நம்பர் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னார்.

அன்று முதல் மூலையில் இருந்த எண் ஐம்பத்தாறைத் தாண்டவில்லை. செல்லப்பாண்டி நிம்மதியாகத் தூங்கினார். தூங்காமல் போனது கற்பகம்தான்.

முன்பெல்லாம் விளையாட்டு நொடிக்கு நூற்றறுபது படமாக வழுக்கிக்கொண்டு ஓடும். இப்போது ஆள் இல்லாத இடத்தில் நூறு வரும். சண்டை மூண்டு, புகையும் குண்டும் பறக்கும் நேரத்தில் எழுபதுக்கு விழும். அந்த நேரத்தில்தான் எதிராளி மூலை திரும்பி வருவான். இவள் கண்ணில் அவன் படும்போது இவள் செத்திருப்பாள். அதே வாரத்தில் விளையாட்டுக்குப் புது அப்டேட் வந்திருந்ததால் பழி முழுக்க அதன் தலையில் விழுந்தது.

சும்மா புலம்புகிற பெண்ணில்லை அவள். ஒவ்வொன்றாகச் சோதித்தாள். படத்தின் தரத்தை அடியோடு குறைத்துப் பார்த்தாள், வேகம் ஏறவில்லை. அப்படியென்றால் கோளாறு படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டில் இல்லை. கார்டு நாற்பது சதவீதம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. பிராசஸர் மட்டும் நூற்றைத் தொட்டுக்கொண்டு மூச்சு வாங்கியது.

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவுக்கு விளக்கினாள். "நம்ம கம்பெனி மாதிரிதான்ப்பா. நீங்க மருந்து கலந்து அனுப்புனாத்தான் அடுத்த ரூம்ல அதைக் குழாய்ல செலுத்துறவுக வேலை பாக்க முடியும். நீங்க மெதுவா அனுப்புனா, அவுக எம்புட்டுக் கெட்டிக்காரவுகளா இருந்தாலும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். இங்கன கார்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. பிராசஸர் மந்தம்."

"அப்ப கலவை ரூம்லதான் கோளாறுங்கிற."

"அதேதான்."

"சூட்டுனால இருக்குமோ?"

"சூடு அதிகமானாத் தன்னால வேகத்தைக் குறைச்சுக்கும், அது உண்மைதான். ஆனா சூடே இல்லையேப்பா! ஐம்பத்தாறு. அது ஒண்ணுதான் உருப்படியா இருக்கு."

செல்லப்பாண்டி தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமை, பிள்ளை அறியாமல் பிள்ளையைக் காப்பாற்றிய பெருமை.

அவள் பின்னால் ஓடும் புரோகிராம்களை எல்லாம் நிறுத்தினாள். இருந்த ஒற்றை ரேம் மெமரிக்கு ஜோடியாக இன்னொன்று வாங்கிப் போட்டாள். விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. பூட்டு கிடந்தது விண்டோஸுக்கும் அடியில். அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பிராசஸர் வேகம் என்று திரை காட்டிய எண்ணும், வாங்கிய அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. எம்பி ஓடும்போதுதான் அதன் உண்மையான வேகம் வரும் என்பது அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்காது.

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் லீவு போட்டுவிட்டு ஆடினாள். இவர் கம்பெனியில் இருந்தார். செல்போனைக் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். நெருப்புப் பொறி பயம். சாயந்திரம் போனை வாங்கியதும் முதலில் மகளுக்குத்தான் அடித்தார்.

"தோத்துட்டம்ப்பா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அதைவிட மோசம். வீட்டுக்கு வந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோறு வேண்டாம் என்றாள். அவர் இரண்டு தோசை வார்த்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தார். காலையில் ஈ மொய்த்துக் கிடந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் இருக்குல்ல தாயி."

"என்னத்த இருக்கு? எனக்குக் கை வரல. அம்புட்டுத்தான்."

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. பகல் பன்னிரண்டரை மணிக்குச் சூலக்கரை ஹர்ஷினி போன் செய்தாள். கற்பகம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். செல்லப்பாண்டி வாசல்படியில் வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். விளையாடும்போது சூடு எம்புட்டுக் காட்டுது?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஐம்பத்தாறு."

"ஐம்பத்தாறா?" என்று ஹர்ஷினி இன்னொரு தரம் கேட்டாள்.

"அக்கா, மே மாசம். சிவகாசி வெயில். பெட்டியோட வந்த சின்ன ஃபேன்தான் போட்டிருக்கீக. எனக்கே எம்பத்திரண்டு காட்டுது. உங்களுக்கு எப்பிடி ஐம்பத்தாறு? அது நல்லா இருக்குன்னு அர்த்தமில்லக்கா. அது ஓடவே இல்ல, நடக்குது. யாரோ டர்போவை அணைச்சு வச்சிருக்காக. பயாஸ்ல போயிப் பாருங்க."

செல்லப்பாண்டியின் கையிலிருந்த பூண்டு உருண்டு தரையில் போனது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

கற்பகம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, அது எழுந்திருக்கும்போதே பொத்தானை அழுத்தி உள்ளே நுழைந்தாள். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு கேக்குதுடி! நான் போடவே இல்லையே!"

"அப்ப பெட்டியைத் திறந்து போர்டுல இருக்க சின்ன பேட்டரி செல்லைக் கழட்டுங்க. கொஞ்ச நேரம் விட்டு மாட்டுனா எல்லாம் பழையபடி ஆயிரும். பாஸ்வேர்டும் போயிரும்."

கற்பகம் அலமாரியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுக்க ஓடினாள். இங்கேதான் செல்லப்பாண்டிக்கு ஒரு வழி திறந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். செல்லைக் கழற்றுவாள், மாட்டுவாள், எல்லாம் சரியாகிவிடும். யார் செய்தது என்று சாகும்வரை தெரியாது. அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் பெட்டியின் பக்கத்தில் முழங்காலிட்டாள். அவசரத்தில் ஸ்க்ரூடிரைவர் இரண்டு முறை வழுக்கியது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஹர்ஷினி, நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்டி. ரெண்டு நாளா என் கைதான் மந்தமாப் போச்சுன்னு நெனச்சேன். லேபிள் ஒட்டி ஒட்டி இந்தக் கை செத்துப்போச்சு, இதுக்கு அங்கனதான் லாயக்குன்னு நெனச்சேன். நேத்து இந்தக் கையை... கடிச்சு வச்சிருக்கேன், பாரு."

கடித்த இடம் செல்லப்பாண்டிக்கும் தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே பல் பதிந்து கன்றிப்போயிருந்தது.

"இருபத்திரண்டு" என்றார் அவர்.

அவள் திரும்பவில்லை. "என்னப்பா?"

"இருபத்திரண்டு, பூஜ்யம் ரெண்டு, பதினொண்ணு. பாஸ்வேர்டு."

ஸ்க்ரூடிரைவர் நின்றது. அந்தத் தேதி அந்த வீட்டில் சுவரில் மாலை போட்டுத் தொங்குகிறது. ராமுத்தாயின் போட்டோவுக்கு அடியில் எழுதியிருக்கிறது.

"சூடு... எண்பத்தாறுன்னு காட்டுச்சு. எனக்குத் தாங்கல தாயி. ஆபீஸ் தம்பியக் கூட்டியாந்து நாந்தான் குறைக்கச் சொன்னேன். வேகம் போகும்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"அக்கா? அக்கா, லைன்ல இருக்கீகளா?" என்று போன் கத்திக்கொண்டிருந்தது. கற்பகம் போனை அணைத்தாள். அப்பாவை அடிப்பாளோ, கத்துவாளோ, பெட்டியைத் தூக்கி எறிவாளோ என்று அவர் காத்திருந்தார். எது செய்தாலும் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் எழுந்து உட்கார்ந்து, அந்த ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தாள். ஆறாவது எண்ணை அடிக்கும்போது மட்டும் கை ஒரு நொடி நின்றது. பூட்டு திறந்தது. அணைத்ததை மீண்டும் போட்டாள்.

இரண்டு மணி ஆனது. அவள் ஹெட்போனை மாட்டினாள். செல்லப்பாண்டி வெளியே போகவில்லை. நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, திரை மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தொன்று. எழுபத்தொன்பது. எண்பத்தாறு. கலவை அறையில் தட்டு கொஞ்சம் கதகதத்தாலே ஆளை எல்லாம் வெளியே விரட்டிவிட்டு ஓடுகிற கால் அது. ஓடு ஓடு என்றது. அவர் இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எண்பத்தெட்டு. பெட்டியிலிருந்து அனல் வந்து தழும்பில் பட்டது. வேட்டி வியர்வையில் நனைந்துவிட்டது. நகரவில்லை.

விளையாட்டு அவருக்கு விளங்காது. மகளின் முதுகு விளங்கியது. நாற்பது நாளாகக் கூனிக் கிடந்த முதுகு நிமிர்ந்திருந்தது. விரல்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவருக்கு ராமுத்தாயின் ஞாபகம் வந்தது; திரி வைப்பதில் அந்தப் பகுதியிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எதிராளிகள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். முடிந்தபோது அவளுடைய பெயர் பட்டியலில் எல்லாருக்கும் மேலே இருந்தது. "ஜெயிச்சுட்டியா தாயி?" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து கோச் பிரீத்திகா கூப்பிட்டாள்.

"கற்பகம், இன்னைக்கு ஆடினது வேற ஆளு மாதிரி இருந்தது. ரெண்டு நாளா என்ன ஆச்சு உங்களுக்கு?"

கற்பகம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"கம்ப்யூட்டர்ல சின்னக் கோளாறு மேடம். இப்பச் சரியாயிருச்சு."

"அடடா. முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நாள் தள்ளி வெச்சிருப்போமே. நேத்து சாயந்திரமே நாங்க முடிவு பண்ணி, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டோம். இன்னைக்கு மேட்ச் சும்மா முறைக்குத்தான். தப்பா நினைக்காதீங்க. அடுத்த வருஷம் இடம் வந்தா கண்டிப்பா கூப்பிடுறோம்."

"சரிங்க மேடம்" என்றாள் கற்பகம். "ரொம்ப நன்றிங்க மேடம்."

வேலியே பயிரை மேய்ந்தால் வேலியை வெட்டிப் போடலாம். பயிருக்கு வெயில் படக்கூடாதென்று மூடி வைத்துக் கொன்ற வேலியை என்ன செய்வது? அன்று சாயந்திரமும் எப்போதும் போலத்தான். அவள் சோறு வடித்தாள், ரசம் வைத்தாள், அவருக்குப் போட்டுக் கொடுத்தாள். அதுதான் அவரைக் கொன்றது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்தது. இருவரும் ஏறினார்கள். கற்பகம் பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கேட்டில் இறங்கி, வரிசையில் நின்று, செல்போன்களைப் பெட்டியில் போட்டார்கள். அதற்குப் பிறகு உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக ஒவ்வொருவரும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கற்பகம் வைத்தாள். கட்டைவிரலுக்குக் கீழே பல் தடம் இன்னும் ஆறவில்லை. பின்னால் நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றுப் பகலுக்குப் பிறகு அப்போதுதான் அவரிடம் பேசினாள். குரலில் கோபமே இல்லை.

"நேத்து எண்பத்தெட்டு வரைக்கும் போச்சுல்லப்பா. ஒண்ணும் ஆகலயே."

சொல்லிவிட்டு லேபிள் ஷெட்டைப் பார்த்து நடந்தாள். செல்லப்பாண்டி தகட்டில் கையை வைத்தார். பின்னால் இருந்தவர்கள், "அண்ணாச்சி, நகருங்க, நேரமாகுது" என்று இரண்டு முறை சொன்னார்கள். அவர் கையை எடுக்கவில்லை.